குளிர்நீரில் கரையாத உப்பு

வாழைப்பழத்தை உரிப்பதற்கு முன்னாலேயே இருளாயி அதை நடுவில் ஒடித்துவிடுவார். பிஸ்கட் என்றால் கட்டைவிரலால் அழுத்தி இரண்டாக்குவார். கறிபாப் பலகாரத்தைப் பிட்டு, உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு எந்தப் பாதியில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ அதைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைப்பார். பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் ஒடிப்பார். ஒரு பாதியை டின் மூடியில் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, தன் பாதியை மட்டும் தின்பார். யாராவது வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. பல நாள் எறும்புதான் வரும்.

“முழுசாச் சாப்பிட்டா என்ன அத்தை?” என்று கலாதேவி சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

“முழுசா முழுங்க நான் என்ன மலைப்பாம்பா?”

மலேசியாவின் ஈப்போ நகரத்து ஓரத்தில் இருக்கும் அந்த அடுக்குமாடியில் கலாதேவி வீட்டுக்கு நேர் கீழ்வீடு இருளாயியுடையது. இரண்டு குடும்பமும் சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளும் சேர்ந்து போயின. கலாதேவி அதற்குப் பிறகு பிறந்தவள். தோட்டத்தை அவள் பார்த்ததெல்லாம் பெரியவர்களின் பேச்சில்தான்.

இருளாயிக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. ஜைனுலாப்தீன் உணவகத்தில் வெங்காயம் உரிப்பதும் சம்பல் கிளறுவதும் வேலை. கண்ணில் ஒரு சொட்டு வராமல் மூட்டை மூட்டையாய் உரிப்பார். “அழுறதெல்லாம் அப்பவே அழுது முடிச்சாச்சுலா” என்பார். அடுக்குமாடி லிஃப்டோடு அவருக்குத் தீராத பகை. பொத்தானை அமுக்க மாட்டார். கதவை உள்ளங்கையால் அறைவார். “வாடா, இன்னிக்காவது வாடா.” அது வராது. குடையை ஊன்றிக்கொண்டு படியேறுவார், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று அதைத் திட்டுவார்.

இந்த வருடம் அந்தத் திருப்பங்களில் அவர் நிற்பது நீண்டுகொண்டே போனது. திட்டுவதற்கு மூச்சில்லை. கன்னம் ஒட்டியது. மழை நாளிலும் ரவிக்கை வியர்வையில் நனைந்தது. வெங்காயத்தோல் பிடித்த விரல்கள் தந்திக் கம்பி போல அதிர்ந்தன.

காரணம் அவர் விழுங்கிய ஒரு மருந்து. இதயம் தாறுமாறாகத் துடிப்பதை அடக்க மருத்துவர்கள் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் அயோடின் நிறைய. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அந்த அயோடினை அள்ளியெடுத்து, தேவைக்கு மேல் சுரந்து, உடம்பையே உலையில் ஏற்றிவிட்டது. சுரப்பியை அறுத்தெடுத்தால்தான் தீரும். ஆனால் இப்படி ஓடுகிற இதயத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும். முதலில் சுரப்பி அடங்க வேண்டும், பிறகுதான் கத்தி. அடங்காவிட்டால் இதயம் ஒருநாள் தானாக நின்றுவிடும். நிபுணர் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சுரப்பியை அடக்க அவர் எழுதிய மருந்துகளில் ஒன்று பொட்டாசியம் பெர்குளோரேட்.

கலாதேவிக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. இருளாயிக்கு வைத்தியம் பார்த்த அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் அவள் ஒப்பந்த ஊழியை. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது அவளுக்கும் தெரியாது, அவளுடைய மேலதிகாரிக்கும் தெரியாது. லயத்திலிருந்து வந்த குடும்பங்களில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அங்கே முதல் வருடத்தில் பேராசிரியர் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை நெருப்பில் காட்டியது அவளுக்கு நினைவிருந்தது. பொடி எரியவில்லை. “இது எரியாது. சூடேறினால் தன்னுள் இருக்கும் பிராணவாயுவை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும்” என்றார் அவர். வாணவெடியில், கடலில் தத்தளிக்கும் கப்பல்கள் கொளுத்தும் அபாயச் சுடரில், ராக்கெட்டில் எல்லாம் இந்த உப்பின் வகையறா இருக்கிறதாம். அதையா விழுங்கச் சொல்கிறார்கள்?

அதைத்தான். சுத்தப்படுத்திய பொடி சிறப்பு அனுமதியோடு வந்து சேர்ந்தது. மருந்து தயாரிக்கும் சின்ன அறையில், முகமூடி போட்டுக்கொண்டு, கலாதேவியே எடைபோட்டு வெற்று கேப்சூல்களில் அடைத்தாள். மணமில்லாத, சீனியை அரைத்தது போன்ற வெள்ளை. தன் கையால் அடைத்தது தன் கீழ்வீட்டு அத்தைக்குப் போகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று மாலை உணவகத்தில் வைத்தே விளக்கினாள்.

“அயோடின் சுரப்பிக்குள்ள போறதுக்கு ஒரு வாசல் இருக்கு, அத்தை. இந்த உப்பு அந்த வாசல்ல போய் ஒக்காந்துக்கும். அயோடின் உள்ள போக முடியாது. சுரப்பிக்குச் சாமான் கெடைக்காது, அடங்கிடும். இந்த உப்பு அங்க ஒண்ணும் பண்ணாது, வந்த மாதிரியே ஒண்ணுக்கு வழியா வெளிய போயிடும்.”

“வந்த வேலைய முடிச்சிட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிருமா? நல்ல உப்புலா.”

“வாணவெடியிலயும் இதத்தான் போடுவாங்க.”

இருளாயி கேப்சூலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கை நடுங்கியதில் அதுவும் ஆடியது. “அப்ப தீபாவளிக்கு என்னையக் கொளுத்தி மேல விட்டுருங்க. ஊரே பாக்கட்டும்.”

கல்லாவிலிருந்து ஜைனுலாப்தீன் குரல் கொடுத்தார். “அக்கா, நீ இனிமே அடுப்புப் பக்கம் வராதே. ஒனக்குன்னு தனியாத் தீயணைப்பு வண்டி வாங்க என்னால முடியாது.”

“பயப்படாத பாய். வெடிச்சா ஒன் கல்லாவுக்கு நேராத்தான் வெடிப்பேன்.”

பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்த நவமணி மட்டும் சற்றுப் பிந்திச் சிரித்தார். இப்போதெல்லாம் அவருக்கு எல்லாமே பிந்தித்தான் எட்டியது.

நவமணி இருளாயியின் தோட்டத்துச் சிநேகிதி. அதே அடுக்குமாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். பெற்றோர் கல்யாணத்தைப் பதியவில்லை. அதனால் அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் அடையாள அட்டை இல்லை. பிறந்தது இதே பேராக் மாநிலத்தில், வேறு ஊர் பார்த்ததும் இல்லை, ஆனாலும் போலீஸ்காரரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். மருத்துவமனை வாசலை மிதித்ததே இல்லை. கழுத்தில் பெரிய கழலை. அதைத் துண்டால் மூடியிருப்பார். குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக வரும்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. இரண்டு பேரும் இருளாயி வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், சண்டை காற்றாடியைப் பற்றியே நடக்கும்.

“காத்தாடியப் போடுடி, வேகுது.”

“நிப்பாட்டு. குளுருது.”

“ஈப்போவுல எவளுக்குடி குளுருது? ஐஸ் பெட்டிக்குள்ளயா பொறந்தே?”

“ஒனக்குத்தான் ஒடம்புல கொள்ளி வச்சிருக்கு.”

கடைசியில் காற்றாடி ஓடும், நவமணி போர்வையைப் போர்த்திக்கொள்வார். மாடியிலிருந்து இறங்கி வரும் கலாதேவி இதைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறாள்.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக வரவில்லை. சுரப்பி கொஞ்சம் இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. நிபுணர் நெற்றியைச் சுருக்கினார். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், இதயம் அதுவரை தாங்க வேண்டும் என்றார். கலாதேவி தராசைச் சந்தேகப்பட்டாள். வந்த பொடியைச் சந்தேகப்பட்டாள். கேப்சூலில் அடைக்கும்போது சிந்தியிருக்குமோ என்று தன் கையைச் சந்தேகப்பட்டாள். இவ்வளவு படித்து ஒரு சிட்டிகை உப்பை ஒழுங்காக அளக்கத் தெரியவில்லையா என்று படுத்துக்கொண்டு யோசித்தாள். இருளாயியைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டபோதெல்லாம் அவர் காலிப் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் கீழே இறங்கி வந்தபோது நவமணி குடித்து வைத்த ரோஸ் சிரப் தம்ளர் மேசையில் இருந்தது. ஐஸ் பாதி கரைந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கரையாத சீனி என்று நினைத்து, மிச்சம் வைக்கிறார்களே என்று கரண்டியை விட்டுக் கலக்கினாள். சுழன்று எழுந்தது, மறுபடி அப்படியே போய்ப் படிந்தது. இன்னொரு தடவை கலக்கினாள். அப்போதும் படிந்தது.

குளிர்ந்த நீரில் அந்த உப்பு மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். பாடத்தில் படித்த ஒரு வரி. கலாதேவி கரண்டி நுனியை நாக்கில் வைத்தாள். ரோஸ் வாசனைக்கு அடியில் உப்புக் கரித்தது.

இருளாயி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். சேலை முந்தியில் எதையோ மறைத்தார். கலாதேவி கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை, அவளே முந்தியை விரித்தாள். திறந்த கேப்சூலின் இரண்டு ஓடுகள். ஒன்றில் இன்னும் பாதிப் பொடி இருந்தது.

“எத்தன நாளா அத்தை?”

“மொதல்லேர்ந்தே. சத்தம் போடாத, அவளுக்குக் கேட்டுரும்.”

“நவமணி சின்னம்மாவுக்குத் தெரியாதா?”

“மருந்துன்னு சொன்னா வாங்கவே மாட்டா. ஒனக்குக் கொறையும்னு சொல்லுவா.” பிறகு, கலாதேவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருவது போலச் சொன்னார். “என் கழுத்துல எலுமிச்சங்கா. அவ கழுத்துல தேங்கா. யாருக்கு மருந்து வேணும், நீயே சொல்லு. நியாயத்துக்கு அவளுக்குத்தான் முழுசும். நான் பாதி எடுத்துக்கிட்டேன்.”

கலாதேவிக்கு அப்போதுதான் போர்வை கண்ணில் பட்டது. இத்தனை திங்கட்கிழமை பார்த்த போர்வை. ஒருவருக்கு வேகிறது, ஒருவருக்குக் குளிர்கிறது. ஒருவர் உருகுகிறார், ஒருவர் ஊதுகிறார். நவமணியின் வீங்கிய இமை, உதிர்ந்த புருவம், இழுத்து இழுத்து வரும் சொல். அந்தக் கழலை அதிகம் சுரந்து பெருத்தது அல்ல. சுரக்க முடியாமல் திணறிப் பெருத்தது. ஏற்கெனவே பட்டினி கிடக்கும் சுரப்பி. அதன் வாசலில்தான் இருளாயி உப்பைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்.

அவளுக்குத் தெரிந்த எளிய சொற்களில் அதைச் சொன்னாள். இருளாயி அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கழுத்து வீக்கம்னா ஒரே மருந்து இல்லியா?”

“இல்ல அத்தை.”

“நீ சொல்லலியே.”

சொல்லவில்லைதான். முழுதாக விழுங்க வேண்டும், கடிக்கக் கூடாது, தொண்டை வலித்தால் உடனே வர வேண்டும், எல்லாம் சொன்னாள். கூடப் பிறந்தவள் போல ஒருத்தி இருந்தால் அவளுக்குக் கொடுக்காதே என்பதை எந்தப் பாடத்திலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் வாழைப்பழம் ஒடிவதை அவள் எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறாள்?

இருளாயி பிறகு மெல்லப் பேசினார். தோட்டத்தில் அவருக்கு வயிற்றிலேயே பிள்ளை செத்துப்போனது. எழுந்திருக்க முடியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். அட்டை இல்லாத நவமணிக்குத் தோட்டத்தில் பெயரே கிடையாது. குத்தகைக்காரனிடம் கூலிக்கு மரம் வெட்டினார், பால் வடியப் பட்டையைக் கீறும் வேலை. விடியுமுன் தன் பங்கு மர நிரையை வெட்டிவிட்டு, ஓடி வந்து இருளாயியின் நிரையையும் வெட்டினார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலெடுத்து இருளாயி பெயரில் ஊற்றினார். இருளாயி எழுந்து நடமாடும்வரை அப்படியே நடந்தது. கங்காணி கண்டும் காணாதது போல இருந்துவிட்டார்.

“பாலு அவளோடது. பேரு என்னோடது. அந்தப் பேரு நின்னதாலதான் தோட்டத்த அழிச்சப்ப எனக்கு இந்த வீடு கெடச்சுச்சு. அவளுக்கு வாடக ரூமு. ஒரு நாளு, ஒரு வார்த்த, அவ சொல்லிக் காட்டுனதில்ல, கலா. நான் எத ஒடிச்சுக் குடுத்தாலும் அந்தக் கடன் பாதிகூட அடைய மாட்டேங்குது.”

கூடத்திலிருந்து நவமணியின் குரல் வந்தது. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. “அதான்… உப்பாவே இருந்துச்சா? நான்… பாய் கடை ஐஸுக்குத்தான்… கோளாறுன்னு நெனச்சேன்.” தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். இருளாயி சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கலாதேவி கண்முன் நின்று கேப்சூலை முழுதாக விழுங்க வைத்தாள். இருளாயி அடம்பிடிக்காமல் விழுங்கினார், கசாயம் குடிக்கும் பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டு. நவமணியைத்தான் நகர்த்த முடியவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் கலாதேவி.

“அட்டை கேப்பாங்க… பிடிச்சுட்டுப் போயிட்டா? இந்த வயசுல… உள்ள போயி ஒக்கார முடியாதுலா.”

“நான் அங்கதான் சின்னம்மா வேல பாக்குறேன். நான் கூட இருப்பேன்.”

“ஒன் வேலைக்கே… ஆபத்து வந்துரும். சும்மா இரு.”

சில வாரம் கழித்துத்தான், பக்கத்து ஊரான கோப்பெங்கில் அட்டை கேட்காத ஒரு கிளினிக் டாக்டரிடம் போகச் சம்மதித்தார். அதுவும் உடனே அல்ல. கடையில் கூட்ட நேரம், பாய் தனியாகத் தவிப்பார், அடுத்த திங்கட்கிழமை போகலாம் என்றார். இருளாயி கெஞ்சினார், திட்டினார், பேசாமல் இருந்தும் பார்த்தார். சளி பிடித்திருந்தும் நவமணி தட்டு கழுவப் போனார்.

அந்தத் திங்கட்கிழமை கிளம்பச் சொல்லிக் கதவைத் தட்டியபோது பதில் இல்லை. ஜைனுலாப்தீன் வந்து கதவை உடைத்தார். நவமணி போர்வைக்குள் இருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. அவர் பயந்த அதே ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போனார். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது.

மருத்துவர் பொறுமையாகவே பேசினார். சுரப்பி பல வருடமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் நுரையீரலில் கிருமி. கலாதேவி உப்பைப் பற்றிச் சொன்னாள். அது உதவியிருக்காது, எவ்வளவு கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது என்றார் அவர்.

நடைபாதையில் இருளாயி காத்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

“நான் குடுத்ததாலயா கலா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. ஆனால் நாளைக்கு வேறொரு புட்டியை இதே பெண் பிரிப்பார். அப்போது தன் சொல்லை எப்படி நம்புவார்?

“தெரியல அத்தை. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.”

இருளாயி தலையை ஆட்டினார், விலை சரி என்று ஒத்துக்கொள்பவர் போல. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

உடலை வாங்க அலைய வேண்டியிருந்தது. போலீசில் புகார், சாட்சிக் கையெழுத்து. ஜைனுலாப்தீன் கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுவதும் கூட அலைந்தார். நவமணியின் பெயர் ஓர் அரசாங்கத் தாளில் ஏறியது அப்போதுதான்.

அதே நாள் இருளாயியின் இரத்த முடிவும் வந்தது. சுரப்பி அடங்கியிருந்தது. கத்தி வைக்கத் தேதி கொடுத்தார்கள்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாகனம் நிறுத்தும் இடத்தில், கூடாரம் போட்டு நவமணியைக் கிடத்தியிருந்தார்கள். சொந்தம் என்று யாரும் இல்லை. அடுக்குமாடிப் பெண்களும் உணவகத்து ஆட்களும்தான். வாய்க்கரிசித் தட்டு கை மாறி வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, புறங்கையைத் திருப்பி அரிசியை உதட்டில் விட்டு நகர்ந்தார்கள். கலாதேவியும் போட்டாள். இருளாயி கடைசியாக வந்தார். தட்டில் மிச்சமிருந்ததைக் கை நிறைய அள்ளினார். குனிந்தார். அந்த முகத்துக்கு நேரே அப்படியே நின்றுவிட்டார்.

“போடு இருளாயி, வண்டி வந்துருச்சு” என்றார் ஒரு பெண்.

அவர் நிமிர்ந்தார். “என் கையால அவ வாய்க்குள்ள போனது போதும்லா.”

“கடைசிக் கடன்லா அது. போறவளுக்குப் பாக்கி வைக்காத.”

“இருக்கட்டும். கடனாவே இருக்கட்டும்.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். அவர் பின்னால் நகர்ந்து வழிவிட்டார். பெட்டியைத் தூக்கினார்கள். வண்டி திரும்பிச் சாலையில் ஏறியது. கலாதேவி பக்கத்தில் போய், அரிசியை வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளங்கையை நீட்டினாள். இருளாயி அவளைப் பார்த்தார். விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.